ஃபிரிட்ஜ் மேல் ஒரு முகவரி

சொந்த வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து இணையதளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது கால்வாசிதான், மீதி முக்கால்வாசி மனுஷர்களோடு.

உங்கள் வீட்டு மூலையிலும் அப்படி ஒன்று பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வாருங்கள், சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம். இல்லாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் வில்லாபுரத்தில் என் வீட்டில் மதியச் சாப்பாடு சமைத்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் சில ஆபீசுகளுக்கு அனுப்புகிறேன். முதலில் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் நடந்தது. ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங், யாரோ தொலைத்த ஆதார் கார்டு, இரண்டு பேர் கட்சிச் சண்டை, இதற்கெல்லாம் நடுவில் "ரெண்டு சாப்பாடு, ஒண்ணுல ரசம் வேணாம்" என்று ஒரு வரி. அந்த வரியைத் தேடி எடுப்பதற்குள் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துவிடும். பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகள் நிவேதா லீவுக்கு வந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பழைய லேப்டாப்பை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றி வைத்து, மெனுவும் ஆர்டரும் போட ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். "சைட்டு நம்ம வீட்டுலயே ஓடும்மா, எவன் தயவும் வேணாம்" என்றாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள். ஃபிரிட்ஜ் மேல் இருந்தது என் தலைக்கு வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கப்பலூரில் பம்ப்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, தங்கள் ஆட்கள் எல்லோருக்கும் என்னிடமே சாப்பாடு எடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தது. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கேன்டீன்காரர் உண்டு. அவரை நிறுத்திவிட்டு என்னை வைக்க வேண்டும். இது கிடைத்தால் நான் செய்வது தொழில். கிடைக்காவிட்டால் என் கொழுந்தனார் வீட்டு விசேஷங்களில் பத்துப் பேர் முன்னால் சொல்வதுபோல, "மதனிக்கு நல்ல டைம்பாஸ்."

காம்பவுண்டு வாசல்

லேப்டாப் ஓடியது. வீட்டுக்குள் சைட் தெரிந்தது. வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. நெட் கனெக்ஷன் கொடுத்த கார்த்தியை வரச் சொன்னேன். வந்தார், மோடத்தைத் தட்டிப் பார்த்தார், காபி குடித்தார். "அக்கா, நம்ம தெரு பூராவுக்கும் கம்பெனி ஒரே நம்பர்தான் குடுத்திருக்கு. காம்பவுண்டு வீடு மாதிரி. உள்ள எத்தன குடித்தனம் இருந்தாலும் ரோட்டுக்கு ஒரே வாசல். நீங்க வெளிய போகலாம் வரலாம், ஆனா ஒங்களத் தேடி ஒருத்தன் வந்தா எந்த வீடுன்னு தெரியாம வாசல்லயே நிப்பான்."

எனக்குத் தனி வாசல் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சாப்பாட்டு ஆர்டர் வருவதற்கு என்றேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஹிந்தியில் ஒரு பெண், இங்கிலீஷில் ஒரு பையன், அப்புறம் நாதஸ்வரம். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே உருப்படியானது புகார்க் கடிதம் எழுதுவதுதான். மூன்று பத்தி, ஒரு எழுத்துப் பிழை கிடையாது, கடைசியில் பணிவுடன் ஒரு மிரட்டல். இ-மெயிலில் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் கார்த்தியே ஓடி வந்தார். "தனி வாசல் வந்திருச்சுக்கா. இனிமே எவன் வேணாலும் வந்து கதவத் தட்டுவான், நடுச்சாமத்துல சைனாக்காரன்கூடத் தட்டுவான். அப்ப எனக்குப் போன் பண்ணக் கூடாது, ஆமா."

கரண்ட் போனால் வீடு மாறும்

தனி வாசல் வந்ததே தவிர, வாசலில் போட்ட கதவு எண் நிலைக்கவில்லை. அந்த எண்தான் சைட்டின் முகவரி. புள்ளி புள்ளியாக வைத்து ஒரு நீளமான நம்பர். கரண்ட் போய் வந்து மோடம் முழித்தால் நம்பர் மாறிவிடும். நம் ஊரில் கரண்ட் கட்டுக்கு என்ன குறை? மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள், மரக்கிளை வெட்ட ஒரு நாள், காரணமே இல்லாமல் நான்கு நாள். ஒவ்வொரு தடவையும் புது நம்பரை எடுத்து, எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எந்த வாட்ஸ்அப்பை விட்டு ஓடி வந்தேனோ, அதே வாட்ஸ்அப்பில்.

கம்பெனியின் அட்மின் மேனேஜர் பாண்டியராஜன் பொறுமைசாலி. அவரே ஒருநாள் கூப்பிட்டுவிட்டார். "மேடம், சாப்பாட்டுல ஒரு கொற சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வாடகைக்கு இருக்குறவுக மாதிரி வாரம் ஒரு அட்ரஸ் குடுத்தா நான் மேல என்னன்னு சொல்றது? ஒரு பேரு வாங்கிப் போடுங்க. இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்குறேன். தெனமும் சாயங்காலம் ஆர்டர் போட சைட்டு தெறந்திருந்தா நீங்க, ஒரு நா தெறக்கலைன்னாலும் பழைய கேன்டீன்காரரு."

ராகு காலத்தில் போன பெயர்

நம்பர் எத்தனை தடவை மாறினாலும் பெயர் மாறாது. புது நம்பரை லேப்டாப்பே பெயரிடம் போய்ச் சொல்லிவிடும் என்று நிவேதா போனில் விளக்கினாள். பெயர் வாங்குவது ஐந்து நிமிஷ வேலையாம். அது அவள் அப்பா வீட்டில் இல்லாதபோது.

என் வீட்டுக்காரர் சுந்தரம் அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட். எதையும் முறையாகச் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அருமையான பெயர் ஒன்று யாரும் எடுக்காமல் கிடந்தது. சின்னப் பெயர், என் பெயர், வாய் நிறையச் சொல்லலாம். பணம் கட்டுகிற பட்டனில் விரலை வைத்தேன். "கலா, ஏ கலா! ராகு காலம் ஓடுது, கையை எடு" என்றார். ஆறு மணி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது எதற்கு அபசகுனம் என்று நானும் பொறுத்தேன். மாமியார் இருந்த காலத்துப் பழக்கம். ஆறடித்துச் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து தட்டினால், அந்தப் பெயர் போய்விட்டது. உலகத்தில் எவனோ எடுத்துவிட்டான். மிச்சம் இருந்தது, ஊர்ப் பெயர், என் பெயர், சாப்பாடு மூன்றையும் இடைவெளி விடாமல் ஒட்டவைத்த, ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு வால். அதைத்தான் வாங்கினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "விடு கலா. அவன் எடுத்தது ராகு காலத்துல. எங்க உருப்படப் போறான்?"

உலகம் பூராவும்

பெயர் வாங்கியதும் சைட் திறந்துவிடும் என்று நினைத்தேன். திறந்தது, சிலருக்கு. ஒரு பெயர் எந்த நம்பரில் இருக்கிறது என்ற சேதி ஊர் ஊராகப் போய்ச் சேர முதல் தடவை ஒன்றிரண்டு நாள் ஆகுமாம், அப்புறம் நிமிஷக் கணக்குதானாம். பள்ளியில் பிரேயரில் சிஸ்டர் சொல்கிற அறிவிப்பு கடைசி வரிசைக்கு வரும்போது வேறு அறிவிப்பாக இருக்குமே, அந்த மாதிரி.

பாண்டியராஜன் போனில் சைட் வந்துவிட்டது. அவர் கம்பெனி ஸ்டோர்ஸ் ஆட்கள் போனில் வரவில்லை. "இங்க ஓபன் ஆகுது, அங்க ஆகல" என்றார். "சார், உலகம் முழுக்கப் பரவுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம்வரை ஆகலாம்" என்று, நிவேதா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சொன்னார்: "ஒலகம் பூரா மெதுவாப் பரவட்டும் மேடம், அவசரமில்ல. மொதல்ல எங்க ரிசப்ஷன்ல இருந்து ஸ்டோர்ஸ் வரைக்கும் பரவச் சொல்லுங்க."

தெருவில் நின்றால் தெரியும்

ஒரு வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நம்பர் போட்டால் வரும். வாங்கிய பெயரைப் போட்டால் வராது. இவர் சோபாவில் உட்கார்ந்து போனைத் தட்டிவிட்டு, "ஒஞ் சைட்டு படுத்திருச்சு" என்று, என்னை டைம்பாஸ் என்கிற தன் தம்பிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். கப்பலூரில் கேட்டால் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிவேதாவைக் கேட்டேன். "அது அப்படித்தாம்மா. நம்ம மோடம் வெளிய போயிட்டுத் திரும்பி நம்ம வாசல் வழியாவே உள்ள வரத் தெரியாத டைப். அப்பாவ வைஃபைய அணைச்சிட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள்.

வைஃபையை அணைத்தால் எங்கள் ஹாலில் சிக்னல் கிடையாது. ஆகவே சூப்பரின்டெண்டென்ட் கைலியோடு கேட்டுக்கு வெளியே போய், போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து நின்றார். "ஆங், வந்திருச்சு! நாளைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பா?" என்று அங்கிருந்தே கத்தினார். அடுத்த வீட்டு சுலோசனா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பதில் அங்கிருந்து வந்தது. "ஏண்ணே, ஒங்க வீட்டுல என்ன கொழம்புன்னு நீங்க தெருவுல நின்னுதான் தெரிஞ்சுக்கிறணுமா?"

தொடாதே

மாசத்தின் கடைசி நாள், ஞாயிறு. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல், ராத்திரி அங்கேயே தங்கல். திங்கட்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆர்டர் ஞாயிறு சாயங்காலமே சைட்டில் விழும். விடியற்காலை வந்து அடுப்பைப் பற்ற வைத்தால் போதும். லேப்டாப்பின் மேல் சிவப்பு மார்க்கரில் "தொடாதே" என்று எழுதி ஒட்டினேன். பொங்கல் பானையோடு காரில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டைப் பூட்டுவது இவர் துறை. சிலிண்டரை மூடுவார், குழாயைத் திருகிப் பார்ப்பார், பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். கோயிலில் பொங்கல் பொங்குகிற நேரம் என் போன் அடித்தது. பாண்டியராஜன். "மேடம், சைட்டு தெறக்கல. இன்னிக்குத்தான் கடைசி நாளு, ஞாபகம் இருக்குல்ல?" திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் பார்வை வேப்ப மரத்துக்குப் போனது. ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டு வருவது கல்யாணமான நாளிலிருந்து இவர் வழக்கம். நாற்பது கிலோமீட்டரில் வீடு. அங்கே இருட்டில் ஒரு மோடம். எனக்கு வந்த வார்த்தையெல்லாம் இங்கிலீஷில்தான் வந்தது. சாமி சன்னதி என்பதால் அதையும் முழுங்கினேன். இவரோ, நியாயம் தன் பக்கம் என்கிற முகத்தோடு சொன்னார்: "நீ ஒட்டுன சீட்ட நான் மதிச்சேன் கலா. அந்த லேப்டாப்ப நான் தொடவே இல்ல."

சுவரேறிய சுலோசனா

மீட்டர் பெட்டி எங்கள் போர்டிகோவில் இருக்கிறது. கேட் சாவி எங்கள் காரில் இருக்கிறது. சுலோசனாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு என் வயசு, என் எடை, மூட்டுவலி எனக்கு இல்லாதது. "அம்புட்டுத்தான? இருங்கக்கா, வாரேன்" என்றாள். அதற்கப்புறம் போனில் கேட்டதெல்லாம் ஸ்டூல் இழுக்கிற சத்தம், "ஐயோ சாமி", பூந்தொட்டி ஒன்று உடைகிற சத்தம், கடைசியாக ஒரு டக்.

நான் கோயில் வாசலில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். மோடம் முழிக்க வேண்டும். அதற்குப் புது நம்பர் வர வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் பாட்டரியில் மூச்சைப் பிடித்துக் கிடக்கும் லேப்டாப் அந்த நம்பரைப் பெயரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இது மட்டும் நடக்காவிட்டால் பெயர் வாங்கியதே தண்டம். தட்டினேன், இல்லை. தட்டினேன், இல்லை. உள்ளே மணி அடித்தார்கள். தட்டினேன். நாளைக்கு: கத்தரிக்காய்ச் சாம்பார், பீன்ஸ் பொரியல், தக்காளி ரசம். அதன் கீழே ஆர்டர் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. அத்தனை பாடு படுத்திய அந்த நீளமான பெயர், யாரும் சொல்லாமலே வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. "சுலோ, வந்திருச்சு!" என்று கத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்ப வேல முடிஞ்சதுல்லக்கா? மெயின அணைச்சிட்டு எறங்கிரவா?"

தீர்ப்பு

திங்கட்கிழமை சாப்பாட்டோடு நானே கப்பலூருக்குப் போனேன். ஒரு நாள் திறக்காவிட்டாலும் கேன்டீன்காரர் என்பது பேச்சு. சைட் திறக்காமல் கிடந்தது உண்மை. காரணம் சொல்லலாம் என்றால், புருஷன் மெயினை அணைத்துவிட்டார் என்பதை எந்த இங்கிலீஷில் சொன்னாலும் கேவலமாகத்தான் இருக்கும்.

பாண்டியராஜன் டிபன் கேரியரைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். "நேத்து ஒங்க சைட்டு நின்னதும் எனக்குப் போன் மேல போன் மேடம். லீவு நாள்ல தூங்க விடல. முன்னாடி கேன்டீன் ரெண்டு நாள் பூட்டிக் கெடந்துச்சு, ஏன்னு கேக்க ஒருத்தன் போன் போடல. அதுலயே தெரிஞ்சுபோச்சு. இன்னியில இருந்து நீங்கதான்." நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அலமாரியைத் திறந்து தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டரை எடுத்து என் மடியில் வைத்தார். "எங்க கம்பெனிக்கும் ஒரு பேரு வாங்கி, இதையும் ஒங்க ஃபிரிட்ஜு மேலயே வச்சிருங்க மேடம். அது பாட்டுக்கு ஓரமா கெடக்கட்டும்."

ஆக, ஒரு பெயருக்கு ஆசைப்பட்டதில் இப்போது என் ஃபிரிட்ஜ் மேல் இரண்டு கம்ப்யூட்டர், மெயின் பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி என் இடுப்பில்.