சாவித் துளை இல்லாத அலமாரி

நடந்தது வரிசையாக:

1. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்தும் படிப்பகத்துக்கு ஸ்மார்ட் அலமாரி வந்தது. தட்டுக்குத் தட்டு கண்ணாடிக் கதவு, மின்காந்தப் பூட்டு. சாவித் துளை கிடையாது.
2. ஐ.டி.யில் இருக்கும் பெண் என்பதால் அமைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு நிமிடம் மறுப்பதுபோல் நடித்தேன்.
3. குடும்பத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு போன் எண். அதற்கு வரும் ஓடிபியைத் தட்டினால் கதவு திறக்கும்.
4. திறப்பு விழாவில் கேசரி கொடுத்தார்கள்.
5. மறுநாளிலிருந்து ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை.

கேசரி வரைக்கும் திட்டத்தில் குறையே இல்லை.

படிப்பகம் பத்து மணி முதல் நான்கு மணி வரை. எண் கொடுத்தவர்கள் குடும்பத் தலைவர்கள். அவர்கள் எல்லாருக்கும் தொழிற்சாலையில் வேலை. பாதுகாப்புத் துறை என்பதால் போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆகவே ஓடிபிகள் ஒழுங்காகவே வந்தன. வாசல் பெட்டிக்குள் மூன்று நிமிடம் வாழ்ந்து செத்தன. என் அப்பாவுக்கும் அதே தொழிற்சாலைதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து பகலில் அவரைப் போனில் பிடித்ததில்லை. இதை நான் மறந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் படிப்பகத்தில் இருந்தபோது கீழ் வீட்டு அக்கா வந்தார். ஞாயிறு அவருக்கு அரசுத் தேர்வு, மூன்றாவது முயற்சி. இதிலும் தேறாவிட்டால் விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். பழைய வினாத்தாள் தொகுப்பு ஒரே ஒரு பிரதிதான். ஓடிபி கைக்கு வராமல், குத்துமதிப்பாக மூன்று முறை எண்ணைத் தட்டிப் பார்த்தார். மூன்று முறை தவறினால் அட்டையும் அந்தத் தட்டும் இரண்டு நாள் முடங்கும். அதுவும் என் ஏற்பாடு.

“இன்னாம்மா இது, புக்கு கண்ணு முன்னால கீது, கைக்கு வரல. மீன் தொட்டி வாங்கிக்கினு வந்துட்டியா?” என்றார் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

“நீ திறந்து விடேன்மா,” என்றார் அக்கா.

“நிர்வாகிகூட மீற முடியாதுக்கா. பாதுகாப்புக்காக.”

“யாருகிட்டேர்ந்து பாதுகாப்பு? என்கிட்டேர்ந்தா?”

விழாவில் மைக் பிடித்து நான் பெருமையடித்துக்கொண்ட அம்சம் அது.

மின்காந்தப் பூட்டு, மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். எனக்கு அது முதல் நாளே தெரியும். சொன்னால், இத்தனை ஏற்பாடும் ஒரு சுவிட்சுக்குத் தாங்காது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பின்னட்டையில் தெரிந்த நான்கு வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு?” என்றேன்.

அண்ணன் போய் அணைத்தார். எல்லாக் கதவுகளும் ஒன்றாக விட்டுக்கொடுத்தன.

“இதுக்கா இம்மாம் படிப்பு படிச்ச?” என்றபடி பழைய நீள நோட்டை எடுத்து அக்கா பெயரை எழுதினார்.

இப்போதைய நிலை: அமைப்பை மாற்றித் தரும்படி விற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதற்கொரு ஓடிபி வேண்டுமாம். சங்கச் செயலாளர் எண்ணுக்குப் பகலில்தான் அனுப்புவார்களாம். அவர் போனும் அதே பெட்டியில். அதுவரை காலை பத்துக்கு மெயின் அணைகிறது, நான்குக்கு உயிர்பெறுகிறது. மின்விசிறி ஓடாததால் ஜன்னலோர நாற்காலிக்குப் போட்டி. அக்கா தேர்வு எழுதிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை.