விட்டு விட்டுத் தட்டோணும்

சித்தூர்ப் பக்கம் மீசை முளைத்த நாளிலிருந்து தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர் சென்னியப்பன். தோப்புக்கு அடுத்தாற்போல் ஒரு காகித ஆலை. நிலக்கரி எரித்துத் தனக்கான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். காற்றுத் திரும்பினால் சாம்பல் கலயத்தில் இறங்கும். “ஏனுங்க, பல்லு வெளக்கற சாம்பலைக் கலக்கிக் கொண்டாந்தீங்களா?” என்று கள்ளுக்கடைக்காரன் திருப்பி அனுப்புவான்.

பொறுத்துப் பார்த்தவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய கூட்டத்தில் கலயத்தோடு எழுந்து நின்றுவிட்டார். அங்கேதான் வினை. அவர் மகள் கௌசிகாவுக்கு அந்த ஆலைக் கொதிகலனில்தான் பொறியாளர் வேலை. குடும்பம் கண்ட முதல் பட்டம் அவளுடையது. சாம்பல் பிடிக்கும் எந்திரம் வை, இல்லையேல் மூடு என்று ஆலைக்கு உத்தரவு வந்தது. சென்னியப்பன் காதில் தங்கியது ‘மூடு’ மட்டும்தான். மகளும் அதன்பின் வேலைப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை.

ஒரு காலை மர உச்சியில், கள் ஊறுவதற்காகப் பாளையைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கருகருவென்று போன புகை, யாரோ வாயைப் பொத்தினாற்போல் நின்றது. புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம். மகள் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று நினைத்தார். தட்டுகிற பாளையைப் பாதியில் விட்டு எவனும் இறங்கமாட்டான். அவர் இறங்கினார்.

ஆலை வாசலுக்கு வந்த மகளிடம், “மூடிப்போட்டாங்களா அம்மணி?” என்றார்.

“மூடுனா நான் எதுக்குங்கப்பா தொப்பி போட்டுட்டு நிக்கறேன்? நல்லா ஓடீட்டிருக்குது. வந்து பாருங்க.”

அவர் தலையிலும் ஒரு தொப்பியைக் கவிழ்த்து அழைத்துப்போனாள். நாலு வீட்டை அடுக்கினாற்போல் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தகடு தகடாகத் தொங்குகிறதாம். மின்சாரம் பாய்ந்ததும் புகையிலுள்ள சாம்பல் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டினது எப்படி இறங்கும் என்று கேட்க வாயெடுத்தார். பெட்டிக்குள் டொக் என்றது. சற்று விட்டு, மறுபடியும் டொக்.

“சுத்தியலுங்கப்பா. தானாத் தட்டும், சாம்பல் எறங்கீரும். ஓயாமத் தட்டுனா மறுக்காப் பறந்துரும். விட்டு விட்டுத்தான் தட்டோணும்.”

சென்னியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “எம்பட பாளைக்கும் அதே தட்டுத்தான் கண்ணு.”

அப்போதுதான் அவர் கையிலிருந்த கட்டையைக் கௌசிகா பார்த்தாள். “பாளையப் பாதியில உட்டுட்டா வந்தீங்க?”

“அது கெடக்குது. இன்னொருக்காத் தட்டட்டும், கேட்டுட்டுப் போறேன்.”