மாரீஸ்வரி பேரில் வந்த ரத்தம்

எங்கள் லேபில் காளீஸ்வரிக்கு ஒரு கிறுக்கு உண்டு. வயிற்றுவலி என்று எந்தப் பெண் வந்தாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடமே பெயரைக் கேட்பாள். ஆதாரையும் வாங்கிப் பார்ப்பாள். இராஜபாளையத்தில் எத்தனையோ லேப் இருக்க, இந்தக் கெடுபிடிக்கு யார் வருவார்கள் என்று முதலாளி புலம்புவார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

எல்லாம் பானுப்பிரியாவால் வந்தது. செட்டியார்பட்டிப் பெண்; ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். காலையில் காளீஸ்வரிதான் ரத்தம் எடுத்தாள். வெள்ளை அணு சரியாக இருந்தது. உடம்புக்குள் புண் இருந்தால் ஏறும் சிஆர்பியும் எட்டுதான். குடல்வால் என்றால் ஆரம்பத்தில் இப்படித்தான் ஏமாற்றும் என்று டாக்டர் சாயங்காலம் மறுபடி எடுக்கச் சொன்னார். ஏறியிருந்தால் உடனே ஆபரேஷன்.

சாயங்காலம் ரத்தம் எடுக்க நான் இருந்தேன்; காளீஸ்வரி உள்ளே மெஷினில் இருந்தாள். பானுப்பிரியாவை நான் பார்த்ததில்லை. அவள் அம்மா வெள்ளத்தாய், "பேரு மாரீஸ்வரி, என் மருமவ" என்று சொல்லி மகளை உட்காரவைத்தாள். காலையில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் ஒருவர் லேபில் இருந்தாராம். கல்யாணமாகாதவளுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை வயிற்றுவலி டெஸ்ட் என்றால் ஊர் என்ன பேசும் என்று பயந்து, மருமகள் பெயரைக் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. போன் நம்பர் கேட்டேன். "நானே பொறவு வந்து வாங்கிக்கிடுதேன்" என்று போய்விட்டாள்.

ஆறரைக்கு ரிசல்ட் வந்தது. மாரீஸ்வரி, சிஆர்பி நூற்று நாற்பது. வாங்க ஆளில்லை. அப்போது டாக்டர் போனில் கேட்டார்.

"பானுப்பிரியா ரத்தம் வந்துச்சா?"

"வரலை டாக்டர்" என்றாள் காளீஸ்வரி. மனசு கேட்காமல், காலையில் கொடுத்த நம்பருக்கு அவளே போட்டாள்.

"வலி நின்னுட்டும்மா. புள்ள அசந்து தூங்குதா. இனி டெஸ்ட்டு வேண்டாம்" என்றாள் வெள்ளத்தாய்.

மாரீஸ்வரியின் ரிப்போர்ட் காளீஸ்வரியின் இன்னொரு கையில்தான் இருந்தது.

குடல்வால் வெடித்தாலும் வலி கொஞ்ச நேரம் அடங்கும். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் முன்பே பானுப்பிரியா போய்விட்டாள்.

"நான்தானே வரலைன்னு சொன்னேன்" என்று காளீஸ்வரி இன்றைக்கும் அழுவாள். "ஒந்தப்பு என்னட்டி இருக்கு" என்பேன்.

அன்றைக்கு மாரீஸ்வரி என்று வந்து உட்கார்ந்தவளின் காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை. கழுத்தில் தாலியும் இல்லை. நமக்கெதற்கு வம்பு என்று ஊசியைப் போட்டேன்.