குரலைப் பிடிக்க ஒரு பெட்டி

கழுத்தில் இருக்கிற கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னபோது நான் பயப்படவில்லை. "குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுது. அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா குரல் மாறவும் வாய்ப்பிருக்கு, அதையும் சொல்லிடுறேன்" என்றாரே, அப்போதுதான் பயந்துபோனேன். அநேகமாவாம்! நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் சொல்கிற வார்த்தையை என் தொண்டைக்குச் சொல்கிறார். சின்னதிலிருந்து சர்ச்சில் பாடுகிறவள் நான். எனக்குப் பெரிய அழகும் கிடையாது, சமையலும் சுமார்தான். குரல் ஒன்றுதான் என் சொத்து. என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான். கிட்டார் வாசிக்க வந்தவர், பின்னாலிருந்து என் குரலைக் கேட்டுவிட்டு யாரென்று திரும்பிப் பார்த்தாராம். இன்றைக்கும் ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிவார்.

போடிக்குத் திரும்பும் ரயிலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "அறுக்கிறதுக்கு முன்னாடி என் குரல நல்லபடியாப் பிடிச்சு வச்சிரணும். போன்ல வேணாம். அதுல கேட்டா தகரத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

பாட வேண்டியது ஒரே பாட்டுத்தான். கல்யாணமான புதிதில் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு எனக்குக் கொடுத்தது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஏலக்காய்க் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. வந்தவர் காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு விலை கேட்டால், இவர் போனில் எவனோ ஒருவன் ஆடியோ இன்டர்ஃபேஸ் பற்றிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது வேறொன்றுமில்லை. மைக்கும் கிட்டாரும் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம், நடுவில் நின்று சத்தத்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்னப் பெட்டி. அதற்குத்தான் அத்தனை ஆராய்ச்சி. இருப்பதிலேயே மலிவான, ஒரு வயர் மட்டும் சொருக ஒரு துளை உள்ள பெட்டி போதும் என்றார் முதலில்.

"மொதல்ல நான் கிட்டார வாசிச்சுப் பிடிச்சிர்றேன். பெறகு அது மேல நீ பாடிக்க."

"ஏன், தாலியும் அப்பிடித்தான் கட்டுனீகளா? ஒரு நாளு நீங்க, மறுநாளு நானு?"

இரண்டு துளைப் பெட்டிதான் என்று முடிவாயிற்று. அடுத்த வில்லங்கம் மைக். குரலின் மூச்சு வரைக்கும் பிடிக்கிற மைக்குக்குப் பெட்டியிலிருந்தே கரண்டு போகவேண்டும். அதற்கு நாற்பத்தெட்டு வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கவேண்டும். மலிவுப் பெட்டிகள் சிலதில் அது கிடையாது. அந்தப் பொத்தான் உள்ள பழைய பெட்டி ஒன்றைப் பாடகர் குழுவில் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்து, ஹெட்போனை என் தலையில் மாட்டி, "பாடு" என்றார்.

முதல் வரியைப் பாடினேன். நான் பாடி முடித்த சொல், ஒரு கணம் கழித்து என் காதுக்குள் வந்தது. என் குரல்தான். ஆனால் எனக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. மறுபடி முயன்றேன், மறுபடி மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் பழசு, குரல் அதற்குள் போய்த் திரும்பி வர நேரமாகிறது, அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். அது எனக்கும் புரிந்தது. வாய்க்குப் புரியவேண்டுமே!

அவர் போடி பஜாரில் பிறந்தவர். நான் போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்தில் பிறந்தவள். அங்கே மூடுபனி இறங்கினால் பக்கத்துச் செடியில் காய் எடுக்கிறவளே தெரியமாட்டாள். குரல் கொடுத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கவேண்டும். அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு கண்டிப்பு உண்டு. பெற்ற தாயே கூப்பிட்டாலும் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் பதில் கொடுக்கக்கூடாது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் அது மனுஷர். பேயென்று பெயர் சொல்லப் பயந்து 'மத்தது' என்போம், அது தெரிந்தவர் குரலில் வந்து இரண்டு தடவைக்குமேல் கூப்பிடாது. அதற்குள் யாராவது பதில் சொல்லிவிட்டால், எந்தக் குரலில் கூப்பிட்டதோ அந்தக் குரலை அது தன்னோடு வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், சர்ச்சுக்குப் போகிறவள், இல்லை என்றுதான் சொல்வேன்.

இந்த மலைப் பயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம். இன்னும் தேடினார். டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் உள்ள பெட்டிகள் உண்டு. அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் அந்தக் கணமே நேராகக் காதுக்கு வந்துவிடும். இரண்டு துளை, நாற்பத்தெட்டு வோல்ட், டைரக்ட் மானிட்டர். மூன்றும் உள்ளதில் விலை குறைந்த ஒரு கறுப்புப் பெட்டி கூரியரில் வந்து இறங்கியது. ஹெட்போனை மாட்டிப் பாடினேன். என் குரல் என்னிடமே இருந்தது.

ஆனால் வீட்டில் பதிவு செய்ய முடியவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு, பஸ்சு ஹாரன், அடுத்த வீட்டுக் குக்கர், எல்லாம் அந்த மைக்குக்குள் குடிவந்தன. அப்போதுதான் மலையில் என் அண்ணனுடைய ஸ்டோர் ஞாபகம் வந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, காய் உலர்த்தும் கட்டடம். உலர்ந்த காயை மூட்டை கட்டிச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் உள் அறையில், வெளிச் சத்தம் எட்டிப் பார்க்காது. அண்ணனிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு காலையில் ஜீப்பில் ஏறிவிட்டோம்.

அந்த அறையில் பேசினால், சொல் வாயை விட்டு வந்ததும் மூட்டைகள் அதைக் குடித்துவிடும். சாக்குக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. கிட்டாரிலோ ஓர் இரைச்சல், விடாமல் 'ம்ம்ம்' என்று. கட்டடத்தில் எர்த் சரியில்லை என்றார். அவர் கிட்டார்க் கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் நின்றது. கையை எடுத்ததும் வந்தது. ஆள் உடம்பு வழியாக இறங்கிவிடுகிறதாம். "நான் கம்பியில இருந்து கைய எடுக்காம வாசிச்சா சரியாப்போச்சு" என்றார்.

மத்தியானம் வரை பாடினோம். ஒரு தடவை எனக்கு இருமல், ஒரு தடவை அவருக்கு விரல் தவறியது, ஒரு தடவை இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியாக ஒன்று அமைந்தது. இந்த ஜென்மத்தில் நான் அப்படிப் பாடியதில்லை. முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, ஒரு கட்டன் காப்பி குடிக்கலாம்" என்று வெளியே கூட்டிவந்தேன். பதிவை நிறுத்த இருவருமே மறந்துவிட்டோம்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. களத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்த கடுங்காப்பியைக் குடித்தோம். நான் டம்ளர்களைக் கழுவ ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற தொட்டிக்குப் போனேன். கழுவிக்கொண்டு வந்தால், அவர் உள் அறையிலிருந்து வெளியே வருகிறார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்கிட்டு எப்பிடி வந்த? உள்ள இருந்துல்ல கூப்பிட்ட?"

"நானா? நான் தொட்டிகிட்டயில்ல நின்னேன்."

"ஏங்கன்னு கூப்பிட்டியேடி. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "எத்தன தடவ கூப்பிட்டுச்சு?"

"ஒரு தடவதான். ஏன்?"

"நீங்க பதில் சொன்னீகளா?"

"சொன்னேனே, இந்தா வர்றேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கும் பயத்துக்கும் அளவே இல்லை. "ஒங்கள யாருய்யா பதில் சொல்லச் சொன்னது?" என்று கத்தினேன். அந்த மூடுபனியில் நான் கத்தியது எனக்கே அடுத்தவர் குரலாகக் கேட்டது. எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

வீட்டில் அவர்தான் பதிவை முதலில் போட்டுக் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றார். ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி நான் மாட்டிக்கொண்டேன். திரையில் மைக்குக்கு ஒரு கோடு, கிட்டாருக்கு ஒரு கோடு. நாங்கள் வெளியே போன பிறகு மைக்கில் ஓசையே இல்லை. கிட்டாரில் மட்டும் அந்த 'ம்ம்ம்' ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் திடீரென்று நின்றது. கம்பியில் கை வைத்தால் எப்படி நிற்குமோ, அப்படி. அந்த அமைதிக்குள், கதவுக்கு வெளியிலிருந்து மெல்லிசாக அவர் குரல்: "இந்தா வர்றேன்." பிறகு இரைச்சல் திரும்ப வந்தது. அவரைக் கூப்பிட்ட குரல் எங்குமே பதிவாகவில்லை.

"வோல்டேஜ் எறங்கியிருக்கும்" என்றார்.

"வோல்டேஜா ஒங்கள ஏங்கன்னு கூப்பிட்டுச்சு?"

அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. கட்டியில் விஷம் ஏதுமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குரல்தான் போய்விட்டது. பேசுகிறேன், பேச முடியாமல் இல்லை. ஆனால் கரகரவென்று, ஆம்பிளைக் குரல் மாதிரி, அடியில் கிடக்கிறது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். மாதங்கள் போயின, சரியாகவில்லை. சர்ச்சில் இப்போது வாயை மட்டும் அசைக்கிறேன். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அவர் கொல்லைப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என் குரலைக் கேட்கவேண்டும்போல் இருந்தது. கறுப்புப் பெட்டியில் ஸ்பீக்கரை மாட்டி அந்தப் பாட்டை ஓடவிட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நான் அவரைக் கேட்டதும் அதில் பதிந்திருந்தது. "ஏங்க, ஆரம்பிக்கலாமா?"

"இந்தா வர்றேன்!" என்று கொல்லையிலிருந்து சத்தம் வந்தது.

ஈரக் கையோடு ஓடி வந்தார். எத்தனையோ மாதமாகக் காணாத சிரிப்பு அந்த முகத்தில். வாசற்படியில் நின்று பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

மலையில் எதற்குப் பயந்து வளர்ந்தேனோ, ஆளில்லாமல் கூப்பிடுகிற அதை, நானே பொத்தான் பொத்தானாகப் பார்த்து வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். அது கூப்பிட்டால் என் புருஷன் ஓடி வருகிறார்.

"இத அழிச்சிரப் போறேன்" என்றேன்.

"அழிச்சிராத. ஒன் கால்ல வேணாலும் விழுகுறேன்."

"அப்ப நான் யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. போய்க் கிட்டாரை எடுத்து வந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, என் இப்போதைய குரலுக்குத் தக்கபடி இறக்கினார். "பாடு" என்றார். பாடினேன். கரகரவென்று, உயரே போகவேண்டிய இடத்தில் உடைந்து, எப்படியோ ஒரு வரி பாடிவிட்டேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் பாட்டு ஓய்ந்த அந்த ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை. நான் எழுந்து போய் அதன் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"இங்க பாருங்க" என்றேன். "நான் இங்க இருக்கேன்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கண் நிறைய நீர். நான் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.