வாசப் புகையிலைக்காரி

நர்சரித் தொழிலில் செடியை வளர்ப்பது சுலபம். வாங்க வருகிறவரிடம் அதை விளக்கிச் சொல்வதுதான் பெரும்பாடு. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் விளக்கம் தேவையில்லை. நான் போயும் போயும் பெயரிலேயே வம்பு உள்ள ஒரு செடியைப் பிடித்துக்கொண்டேன். தொட்டியில் எதையாவது நட்டுவிட்டு, மொட்டு வந்ததா வந்ததா என்று குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்ட அன்பர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், ஊர் முடிந்ததும் பச்சை வலை கட்டிய இடம் ஒன்று வரும். அதுதான் எங்கள் நர்சரி. என் பெயர் தேவகி. பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் மாணிக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். குரோட்டன்ஸ், செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் என்னை நாலு ஊரில் அடையாளம் சொல்வது வாசப் புகையிலையை வைத்துத்தான். மெல்லவும் சுருட்டவும் ஆகாத, பூவுக்காகவே வளர்க்கிற புகையிலைச் சாதி அது. இடுப்புயரம் வளரும். நீளக் குழல் போல வெள்ளைப் பூ, நுனியில் விரிந்த நட்சத்திரம். பகலெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்து விரிந்து ஒரு வாசம் விடும் பாருங்கள், ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெயரை மாற்றச் சொன்னார்கள்

"புகையிலைன்னு சொன்னா யாரு வாங்குவா? நட்சத்திர மல்லின்னு வெச்சிடு" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. இலையை ஆடு கடித்தாலும் ஆகாது, குழந்தை வாயில் வைத்தாலும் ஆகாது. மல்லி என்று பெயர் வைத்தால் யாராவது தலையில் வைப்பார்கள், கிள்ளி மெல்லுவார்கள். புகையிலை என்று சொன்னால்தான் ஒரு பயம் இருக்கும். விற்கிறவள் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

ஆரம்பத்தில் அந்தப் பிடிவாதத்துக்கு நல்ல அடி. துறைமங்கலத்திலிருந்து வந்த ஓர் அம்மா, தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆசைப்பட்டவர், பெயரைக் கேட்டதும் தீயைத் தொட்டதுபோலக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, எங்க வூட்டுல புகையிலைய ஒழிக்கத்தான் இத்தனை வருஷமா சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். நீ தண்ணி ஊத்தி வளக்கச் சொல்றியே!"

ஃபேன் போட்ட கதை

முதல் விதை ஒரு பூக்கண்காட்சியில் கடை போட்டிருந்தவரிடம் வாங்கியது. விதை என்று சொல்லத்தான் விதை. பார்த்தால் காப்பித்தூளின் அடியில் தங்குகிற பொடி. பாதியை மிளகாய் விதைக்கிற மாதிரி மண்ணுக்குள் போட்டு மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மீதியை வெள்ளைத் தாளில் கொட்டி, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து ஃபேனைப் போட்டார். தாள் மட்டும் மிச்சம். நான் கத்தியதில் அவர் திரும்ப லாரிக்கே போய்விட்டார். அழுதுகொண்டே வீட்டைப் பெருக்கி, குப்பையை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொட்டினேன்.

சில வாரம் கழித்து அந்தக் கல்லடி ஈரத்தில் பச்சைப் பொட்டு பொட்டாக என்னமோ படர்ந்திருந்தது. பாசி என்று தேய்க்கப் போனவள், இலையைக் கண்டு கையை நிறுத்தினேன். தொட்டால் பிசுபிசு. பூக்கண்காட்சியில் தொட்டுப் பார்த்த அதே செடிதான்! மூடாமல், வெளிச்சம் பட, மண்மேலேயே கிடந்தால்தான் அது முளைக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தூவுகிறேன். தண்ணீர்கூட மேலே ஊற்றுவதில்லை. தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுகிறேன். அன்றைக்கே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கல்லடியை நன்றாகப் பார்த்தார். "பாத்தியா? நீ விதைச்சது வரல. நான் விதைச்சதுதான் வந்திருக்கு."

மொபெட்டில் திரும்பி வந்த செடி

எறையூரிலிருந்து ஒருவர் ஒரு நாள் உச்சி வெயிலில் மொபெட்டில் வந்து இறங்கினார். கரும்பாலையில் வேலை பார்ப்பவர். கால் இடுக்கில் நான் விற்ற செடி. "என்னங்க செடி குடுத்தீங்க? காலையில இருந்து செத்துக் கிடக்கு. எங்க வூட்டுல சிரிக்கிறாங்க" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன், தூக்கமில்லாத சிவப்பு. "சாயங்காலம் வரைக்கும் இருங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேற என்ன வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். படுத்தார். செடி தலைமாட்டில்.

இவர் எழுந்திருப்பதற்குள் பூ விரிய வேண்டுமே என்று எனக்கு வேலையே ஓடவில்லை. நாலு மணிக்குப் பூ தொங்கிக்கொண்டிருந்தது, ஐந்துக்கும் தொங்கியது. வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிய பிறகு முதல் குழல் மெல்ல நிமிர்ந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வாயைத் திறந்தன. அவரை நான் எழுப்பவில்லை, வாசம் எழுப்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவர் செடியையே பார்த்தார். அப்புறம் மொபெட்டைக் கிளப்பி, செடியைப் பத்திரமாகக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டார். "விடுங்கம்மா. இதுவும் நம்மள மாதிரி நைட் ஷிப்டுதான் போலிருக்கு."

கை கழுவச் சொன்னது

ஒரு வருஷம் செடிகளுக்கு ஒரு நோய் வந்தது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக விழுந்தது, இலை சுருண்டது. இதற்கு மருந்தே கிடையாது. பிடுங்கிக் கொளுத்தத்தான் வேண்டும். பிடுங்கினேன். பூக்க ஒரு வாரம் இருந்த செடிகள் அத்தனையும் எரிந்ததை நின்று பார்த்தேன். பீடியும் புகையிலையும் தொட்ட கையோடு செடியைத் தொட்டால் அந்த நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாசலிலேயே குழாய் போட்டு, சோப்பும் வைத்து, "புகையிலை, பீடி தொட்டவர்கள் கை கழுவிவிட்டு வரவும்" என்று பெயிண்டில் எழுதிவைத்தேன்.

அந்த வாரமே வந்தவர் யார் தெரியுமா? வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற பெரிய குடியானவர். என் அம்மா அவர் காட்டில்தான் கூலிக்குக் களை எடுத்தார். நானும் பள்ளிக்கூட லீவில் அந்தக் காட்டில் வெங்காயம் ஆய்ந்திருக்கிறேன். பேத்தி வீட்டுக்குச் செடி வாங்க வந்திருந்தார். வாயில் புகையிலை. நேராகச் செடிப் பக்கம் கை நீட்டினார். "ஐயா, கை கழுவிட்டுத் தொடுங்க" என்றேன். நின்றார். "செடியே புகையிலை. அதத் தொட நான் புகையிலை போடக்கூடாதா?" என்று கேட்டார். "கூடாதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்ப் புகையிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "உங்க அம்மாவும் இப்படித்தான். என் காட்டுலயே என்னைய நிக்க வெச்சு, 'பாத்தில மிதிக்காம சுத்தி வாங்க'ன்னு சொல்லும்."

யாரோ கொடுத்த கம்ப்ளைன்ட்

புகையிலை என்று சொல்லி வேறு ஏதோ போதைச் செடி வளர்க்கிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் ஏட்டும் ஓர் இளம் போலீஸ்காரரும் இறங்கினார்கள். வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு ரோட்டோரம் வந்துவிட்டார்கள். நாளைக்கு இந்த ரோட்டில் எப்படி நடப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏட்டம்மா குரல் உயர்த்தவில்லை. விதைத் தட்டிலிருந்து பூத்த செடி வரைக்கும் வரிசையாகக் காட்டச் சொன்னார். எதற்கு வளர்ப்பது, எப்போது பூக்கும், தின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். சொல்லச் சொல்ல என் பயம் போய்விட்டது. இந்தச் செடியைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்தமாட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் பூக்கள் விரிந்துவிட்டன. இளம் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்தார். ஏட்டம்மா டீக்கடைக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க வூட்டுக்கு ரெண்டு செடி எடுத்து வைங்க. கம்ப்ளைன்ட் குடுத்தவருக்கும் ஒண்ணு எடுத்து வைங்க, அவ்வளவு தூரத்துல இருந்து மோப்பம் புடிச்சிருக்காரே!"

அரியலூர் மெஸ்

அரியலூரில் மெஸ் நடத்துகிற செல்வி அக்காவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு போய்விட்டது. வாசனையே தெரியவில்லை. நமக்குப் போனால் ஒரு குறை. சமைக்கிறவருக்குப் போனால் பிழைப்பே போய்விடும். சாம்பார் அடிபிடித்தது தெரியாமல் பரிமாறியிருக்கிறார். தேங்காய்ச் சட்னி ஊசிப்போனது தெரியாமல் வைத்திருக்கிறார். வழக்கமாகச் சாப்பிட வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தினமும் வாசனைப் பொருள்களை விடாமல் முகர்ந்து பழகச் சொல்லி டாக்டர் சொன்னாராம். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் என்று எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இருக்கறதுலயே பலமா வாசம் அடிக்கற செடி குடு தேவகி" என்றார். சமையலறைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி இரண்டு தொட்டி கொடுத்தேன். பூத்து ஓய்ந்ததும் அடுத்த தொட்டியை நானே கொண்டுபோய் வைப்பேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் செடிக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவார். கண்ணை மூடி முகருவார். எழுந்து போய்விடுவார். பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் இத்தனை பெருமை அடித்துக்கொண்ட வாசம் ஒரு மூக்குக்குள் போகமாட்டேன் என்கிறதே என்று தொட்டிமேல் கோபம்கூட வந்தது.

ஒரு நாள் புதுத் தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். முக்காலியில் இருந்த செல்வி அக்கா சட்டென்று எழுந்தார். "யாரு பீடி குடிக்கறது?" என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு இறக்க வந்த ஆள் ஒருவர் குத்துக்கால் போட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா ஓடிவருவதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டார். செல்வி அக்கா கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. "ஏய்யா மிதிச்ச? இன்னொண்ணு பத்த வெய்யி!"

ஓசூர்க்காரர்

பூக்கன்றுகளை மொத்தமாக விற்கிற ஓசூர்க்காரர் ஒருவர் உண்டு. குளிர்ந்த ஊர், அவருக்கு எல்லாப் பூவும் சொன்னபடி கேட்கும். ஆரம்பத்தில் நான் இந்தச் செடியைப் பற்றிப் போனில் யோசனை கேட்டபோது, "உங்க வெயிலுக்கு அது வராதும்மா, கனகாம்பரம் போடுங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் ஐப்பசியில் விதைத்தால் மாசி வரைக்கும் பூக்கும், பங்குனி வெயிலில் கருகிவிடும். நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு வருஷமும் கடைசியாகக் கருகுகிற செடியில் மட்டும் விதை எடுத்தேன். அதை விதைத்து, அதிலும் கடைசியாகத் தாக்குப்பிடித்ததில் எடுத்தேன். வேறு வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான்.

போன சித்திரையில் அவர் தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தார். பொழுது இறங்குகிற நேரம். வலைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சித்திரை மாசம், பெரம்பலூர், வரிசையாக வெள்ளைப் பூ. பூவுக்குள் மூக்கை விட்டார், இலையைத் திருப்பினார், மண்ணை விரலால் கிளறினார். காரில் இருந்த மனைவி ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. கடைசியில் அவரே கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "இந்த விதைய எனக்குக் குடுங்கம்மா. பெரம்பலூர் வெள்ளைன்னு பேரு போட்டு விக்கறேன், சம்மதமா?"

பகலெல்லாம் செடிகளுக்கு வேலைக்காரியாக இருந்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் மகாராணியாக இருக்கிற உத்தியோகம் இது. இடுப்பு வலிக்கு மட்டும் லீவு கிடையாது.