தனலெட்சுமி சொன்ன பெயர்

1990 நவம்பர் 12: எட்டு வெள்ளி.
1991 ஜனவரி 28: பன்னிரண்டு வெள்ளி.
1991 மார்ச் 11: முப்பத்தைந்து வெள்ளி, தையல் நான்கு.

கிளினிக் தரையைத் துடைத்துக்கொண்டே, வருகிற பெண்களின் முழங்கையைத் தனலெட்சுமி பார்த்துவிடுவாள். கிள்ளானில் பதினெட்டு ஆண்டுகளாக ஆயா. வயது ஐம்பத்து மூன்று. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக எவளாவது டாக்டரிடம் சொன்னால், அவள் வெளியே வரும்போது வாளியை வழியில் வைத்து மறிப்பாள். "உங்க வீட்டு பாத்ரூமுக்கு மட்டும் கை முளைச்சிருக்கா, தங்கச்சி?"

ஆனால் மேலே உள்ள, வெள்ளிக் கணக்கில் பணம் கட்டிய மூன்று கிளினிக் ரசீதும் அவள் மருமகள் தவமணியுடையவை. அடித்தவன் லோரி ஓட்டும் மகன் பாலன். முதல் இரண்டு முறையும் மருமகள் அதே வழுக்கிய கதையைச் சொல்ல, மாமியார் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். மூன்றாம் முறை, நெற்றியில் தையல் போட்ட கையோடு அவளைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.

அடித்தது யார் என்று கேட்டார் கான்ஸ்டபிள் ஜெயராஜ். வீட்டுக்காரர் என்றாள் தவமணி. பெயர்? ஆறு வருடத்தில் அவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். பெயரில்லாமல் ரிப்போர்ட் எழுத முடியாது, வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்று அவர் பேனாவை மூடினார்.

தனலெட்சுமி மேசையில் கையை ஊன்றினாள். "பேரு பாலன். எழுதுங்க சார். பெத்தவ நான் சொல்றேன்."

மறுநாள் கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன் வந்தார். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதா, கோயிலில் வைத்துப் பேசலாம் லா என்றார்.

"போன தடவையும் அங்கதான் பேசினோம், தம்பி. நீங்க பூசிவிட்ட துன்னூறு காயறதுக்குள்ள அடிச்சிட்டான்."

தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினாள். அந்தத் தீபாவளிக்கு அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் எந்த வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு வரவில்லை.

ஜாமீனில் வெளிவந்த பாலன் பந்திங் என்ற ஊரில் தங்கிக் கடிதங்கள் எழுதினான். அம்மா சாட்சி சொன்னால் தன்னை உள்ளே போட்டுவிடுவார்கள், சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று. படிக்கத் தெரியாத தாய்க்கு அவற்றை வாசித்துக் காட்டியவள் தவமணி. இரண்டு கடிதத்துக்கும் தனலெட்சுமி கேட்டது ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு என்ன பண்றான்னு எழுதியிருக்கானா?"

மூன்றாவதை வழக்கு நாள் காலையில் ஒரு லோரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தவமணி பிரிக்கப் போனாள். தனலெட்சுமி அதை வாங்கிப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டாள். குனிந்து மருமகளின் செருப்பை எடுத்து, கோர்ட்டுக்குக் கிளம்ப வாசலைப் பார்த்துப் போட்டாள்.

அதுதான் அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதம்; வந்த நாள் 1991 டிசம்பர் 4.