மூன்று ஏக்கர் சீடர்

என் மகன் வருடத்தில் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். ஜூன் மாத லோங் வீக்கென்டுக்கு சிட்னியிலிருந்து காரோட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் தகப்பனின் துவக்குப் பெட்டியோடு வருவான். வெள்ளி இரவு மெல்பேர்னில், ரோவில் வீட்டில் என்னோடு சாப்பிட்டுப் படுப்பான். சனி விடிய எழும்பி எங்கள் காணிக்கு வேட்டைக்குப் போய்விடுவான். திங்கள் பின்னேரம் சேறும் புகையும் மணக்கத் திரும்பி வந்து, இன்னொரு இரவு தங்கி, செவ்வாய் காலை சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவான். இரண்டு இரவு, ஒரு காலைச் சாப்பாடு. என் கணவர் போன பிறகு எனக்குக் கிடைத்த மகன் அவ்வளவுதான்.

மிச்ச நாட்களில் நான் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து போன் எடுப்பான். "எப்படி அம்மா? பிரஷர் மருந்து குடிச்சீங்களா?" குடித்தேன் என்பேன். "ஓகே அம்மா, பிறகு கதைக்கிறன்." பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. நானும் ஒருநாளும் அவனை வா என்று கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பாசம் என்ன பாசம் என்று எனக்கு ஒரு ரோஷம். பெற்ற பிள்ளைக்குத் தானாகத் தெரிய வேண்டாமா?

ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். சிட்னி ஹோம்புஷில் நாலாம் மாடியில் அவனுடைய பிளாட். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவனுக்கு. நான் அங்கே நின்ற கிழமை முழுவதும் அவனுக்கு வேலைக்கு மேல் வேலை. நான் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரயில்களைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் முழங்கால் வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அவனும் அந்தப் பொய்யை மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிப்ஸ்லாந்து மலையடிவாரத்தில் நாற்பது ஏக்கர். ஒரு தகரக் கொட்டில், ஒரு தண்ணீர்த் தாங்கி, வேறொன்றும் இல்லை. என் கணவர் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் அவரை வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார்கள். பிறகு அந்தப் பைத்தியம் தெளியவேயில்லை. அங்கே திரிவது மரை என்கிற பெரிய மான். இலங்கைக் காடுகளில் திரிகிற அதே மரைதான். வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டது. "எங்களுக்கு முதல் வந்து குடியேறின சனம். விசாவும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை" என்று அவர் பகிடி விடுவார். மகனுக்குப் பதினாலு வயதானதும் அவனையும் கூட்டிப்போகத் தொடங்கினார். தகப்பனும் மகனும் போவார்கள். நான் கறி காய்ச்சிக் கட்டிக் கொடுப்பேன். பாம்பும் குளிரும் உள்ள இடத்தில் எனக்கென்ன வேலை?

அந்தக் காணியின் மேற்குச் சரிவில், முந்திய சொந்தக்காரர் காற்றுக்கு மறைப்பாக ஒரு வரிசை மரம் நட்டிருந்தார். எல்லோரும் சீடர், அதாவது தேவதாரு, என்றார்கள், நாங்களும் சீடர் என்றோம். பக்கத்துக் காணியில் மாடு வளர்க்கும் கிழவர் மட்டும், அது உண்மையில் சைப்பிரஸ் என்று திருத்துவார். பெயர் எதுவானால் என்ன, அது பெருகுகிற பெருக்கத்துக்குக் குறைவில்லை. விதை கொட்டிக் கொட்டி ஒரு வரிசை பத்து வரிசையாயிற்று. என் கணவர் வருத்தமாகிப் படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் வெட்ட ஆளில்லாமல் மூன்று ஏக்கரை மூடிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூனில் மகன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். குசினியில் சாப்பிட்டுக்கொண்டு சொன்னான்: "சீடர் எல்லாம் மூடிப்போச்சு அம்மா. ஒண்டையும் பார்க்கேலாது. கிளியர் பண்ணாட்டி அடுத்த வருஷம் வந்து வேலையில்லை."

அவன் மரத்தைப் பற்றித்தான் சொன்னான். எனக்குக் கேட்டது அடுத்த வருடம் வரமாட்டேன் என்பது மட்டும்தான். அன்றிரவு அவனுக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வயோதிபர் இல்லத்துக் குசினி வேலையிலிருந்து நான் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். அடுத்த பெப்ரவரி கடைசியில் ஒரு கைவாளும், நீளப் பிடி வைத்த கத்தரியும், தோல் கையுறையும் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு காணிக்குப் போனேன். இரண்டு மணித்தியால ஓட்டம். கிழமையில் மூன்று நாள் போவேன். மகனுக்கு மூச்சு விடவில்லை. ஜூனில் வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்தேன்.

கை மொத்தத்துக்கு இருந்த மரங்களை நானே அரிந்தேன். பெரியவற்றைப் பக்கத்துக் கிழவர் செயின்சோவால் வெட்டி, டிராக்டரில் கட்டி இழுத்துத் தந்தார். கிளைகளை இழுத்துக் குவிப்பது என் வேலை. பிசின் கையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத்துக்கு அசையாது, தேங்காயெண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும். மரங்களுக்கு உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. ஒரு புல்லும் முளைக்காத தரை. அங்கங்கே மண் அழுந்திக் குழி குழியாக, உள்ளே புழுக்கையுமாகக் கிடந்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது. அதையெல்லாம் மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்தினேன்.

கிழவர் வராத நாட்களில் ஒரு சனம் இல்லை. போன் சிக்னலும் இல்லை. வெட்டிய அடிமரத்தில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவேன். ஒருநாள் பின்னேரம் காரில் ஏறும்போதுதான், காலையிலிருந்து வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பது உறைத்தது. அடுத்த நாளிலிருந்து மரங்களைத் திட்டத் தொடங்கினேன். "நில்லடி மூதேவி, உன்னாலதானே என்ர பிள்ளை வரமாட்டனெண்டு நிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி அரிவேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைக்கவும் அங்கே ஆளில்லை என்பதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

ஏப்ரலில் பாதிக்கு மேல் முடிந்தபோது கிழவர் செயின்சோவை நிறுத்திவிட்டு, கீழ்ப்பக்கத்தில் உள்ளதை அப்படியே விட்டால் என்ன என்று கேட்டார். எனக்கு முகம் மாறிவிட்டது. மனிசனுக்கு அலுத்துவிட்டது, சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். முழுக்க வேண்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெட்டினார்.

என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான் மன்னாரில் வளர்ந்தவள். வளவு என்றால் எங்களுக்கு வெறும் மணல் தெரிய வேண்டும், அதில் ஈர்க்கு விளக்குமாற்றின் கோடு தெரிய வேண்டும். பெருநாளுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் பற்றை என்று பெயர் சொல்ல ஒரு செடி மிஞ்சாது. பற்றை கிடந்தால் அந்த வீட்டில் மனிசர் இல்லை என்று அர்த்தம். மகன் வருகிறான் என்றால் பாதி வளவைத் துப்புரவாக்கிப் பாதியை விடுவதா?

மே மாதம், நெருப்பு வைப்பதற்கான கோடைகாலத் தடை எடுபட்ட பிறகு, குவியல்களைக் கொளுத்தினோம். கடைசி நாள் நான் தனியே நின்று மிச்சச் சருகையும் வாரி முடித்தேன். சரிவு மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று கிடந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் வந்தது, அவனும் வந்தான். சனி விடிய, "இந்த முறை நானும் வாறன்" என்றேன்.

"நீங்களா? பாம்பு இருக்கும் அம்மா."

"ஜூன் குளிருக்குப் பாம்பு வெளிக்கிடாது" என்று அனுபவசாலி மாதிரிச் சொன்னேன். வழி முழுவதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். கேற்றைத் திறந்து, கார் வளைவைத் தாண்டியதும் சரிவு முழுவதாகத் தெரிந்தது. நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காரை நிற்பாட்டினான்.

"அம்மா, மரங்கள் எங்க?"

"வெட்டிப்போட்டன்."

"எல்லாத்தையுமா?"

"முழுக்க. நானும் பக்கத்துக் கிழவரும். ரெண்டரை மாதம்" என்றேன். என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இறங்கி நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். "மரை பகல் முழுக்க அதுக்குள்ளதான் அம்மா படுக்கிறது. பின்னேரம்தான் புல்லுக்கு வெளியில வரும். நடுவில பாதை மாதிரி ரெண்டு லேன் வெட்டினால் போதும், வாறதைப் பார்க்கலாம் எண்டுதான் நான் நினைச்சனான். ஒளிய இடமில்லாட்டி அதுகள் ஏன் இஞ்ச வரும்?"

"நீ ரெண்டு லேன் எண்டு சொல்லேல்லை."

"நீங்க கேக்கேல்லை."

ஒரு மணித்தியாலம் காணியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, கால் அடையாளம் ஒன்றும் இல்லை என்றான். துவக்குப் பெட்டியைத் திறக்கவேயில்லை. கொட்டில் வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். சரிவின் நடுவே ஒரு இடத்தைக் காட்டி, "அதில ஒரு பெரிய மரம் நிண்டது. அப்பாவும் நானும் அதுக்குக் கீழதான் இருப்பம்" என்றான்.

எந்த மரம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. எனக்கு எல்லாம் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஒரே மாதிரித்தான் திட்டினேன். வாய்விட்டு, மன்னித்துக்கொள் மகனே என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்பது.

அன்று பின்னேரமே வீட்டுக்குத் திரும்பினோம். ஞாயிறு மத்தியானம் அவன் சிட்னிக்குப் போய்விட்டான். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்தேன். போகும்போது கட்டிப்பிடித்து, "டேக் கெயார் அம்மா" என்றான்.

நத்தார்ப் பெருநாளுக்கு வர ஏலாது, வேலை என்றான். ஒக்டோபரில் ஒருமுறை காணிக்குப் போயிருந்தேன். நெருப்பு வைத்த இடமெல்லாம் விரல் நீளத்துக்குச் சீடர்க் கன்றுகள் பச்சைப் பசேலென்று முளைத்துக் கிடந்தன. சூட்டில் காய் வெடித்து விதை கொட்டுமாம், இப்போதே பிடுங்கினால் லேசு என்று கிழவர் சொன்னார். ஒரு மரை ஒளிகிற அளவுக்கு வளர எத்தனை வருடம் செல்லும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பத்து வருடமாவது செல்லும் என்றார். எனக்கு அறுபத்தைந்து வயது. ஒன்றையும் பிடுங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

போன ஞாயிறு அவன் போனில் சொன்னான். கூட வேலை செய்கிற ஒருவனுக்கு சிட்னிக்கு வடக்கே காணி இருக்கிறதாம். இந்த ஜூனுக்கு அங்கே வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறானாம். "நீங்களும் காணியை விக்கப் போறீங்கள்தானே" என்று சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டான்.

"ஆர் சொன்னது விக்கப் போறன் எண்டு?"

"பின்ன ஏனம்மா அப்பிடி மொட்டையாக்கினீங்கள்? வாங்க வாற ஆக்களுக்குக் காட்டத்தான் துப்புரவாக்கினீங்கள் எண்டு நினைச்சன். அப்பான்ர ஞாபகம் ஒண்டும் வேண்டாமாக்கும் எண்டு..." அவன் முடிக்கவில்லை.

ஒரு வருடமாக என் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிரஷர் மருந்தைப் பற்றி விசாரித்திருக்கிறான். நானும் குடித்தேன் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். இரண்டு பேரில் யார் பெரிய பைத்தியம் என்று தெரியவில்லை. குசினிக் கதிரையில் இருந்தேன்.

"நீ வரவேணும் எண்டுதானடா வெட்டினனான்" என்றேன். "கிளியர் பண்ணாட்டி வரமாட்டனெண்டு சொன்னாய். அதாலதான் வெட்டினன். இப்ப மரமும் இல்லை, மரையும் இல்லை. நான்தான் இருக்கிறன். என்னைப் பார்க்க வா."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஃபிரெண்டுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன் அம்மா. என்ன செய்யலாம் எண்டு பார்த்திட்டுச் சொல்றன்."

"ஓம், ஆறுதலாப் பார்த்துச் சொல்லு" என்றேன்.

ஜூனுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அவன் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் செய்து முடிக்க எனக்கு ஒரு வேலையும் இல்லை, அரிய ஒன்றும் இல்லை, வார ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வயதில் முதல்முறையாகப் பிள்ளையிடம் வா என்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது மூன்று ஏக்கர் மரம் வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.